அழகு அறுவை சிகிச்சை ஆபத்துகள்: கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டீஸ், எப்படிப் போடலாம்?

தில்லைநகர்_டிடிபி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, டியூஷன் சென்டர் நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு இப்போது பக்கத்துக் கல்லூரியின் என்எஸ்எஸ் சார் வேறு மாதிரி ஒரு வேலை கொண்டுவந்திருக்கிறார். அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷன்களில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று மாணவர்களுக்குக் கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரம். ஏ4 தாள், மூன்று மடிப்பு, இரண்டு பக்கமும் கலர். முடி நடுவது, கொழுப்பு உறிஞ்சுவது, ஆண்களுக்கு மார்பைக் குறைப்பது, மூக்கைத் திருத்துவது, உதட்டைத் தடிமனாக்க ஊசியில் ஃபில்லர் போடுவது எல்லாம் வரவேண்டுமாம்.

அவர் கொடுத்த மேட்டரை அப்படியே கொட்டினால் ஒரு சின்னப் புத்தகமே போடலாம். எல்லா ஆபரேஷனுக்கும் எல்லா ஆபத்தும் வரிசையாக இருக்கிறது, அதில் பாதி எனக்கே புரியவில்லை. பிரின்ஸிபால் வேறு, முன் அட்டையில் முகம் கோணிப்போன ஒரு படம் வேண்டும், "பார்த்தாலே பயம் வரணும்" என்கிறார். இன்னொரு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அச்சுச் செலவை நாங்கள் ஏற்கிறோம், பின்பக்கம் எங்கள் லோகோவும் போன் நம்பரும் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறது.

எதை வைப்பது, எதை எடுப்பது? பயமுறுத்துவது சரியா? லோகோ விஷயத்தில் என்ன செய்வது? மருத்துவத் துறையில் இருப்பவர்களும் சொல்லுங்கள், அச்சுத் தொழிலில் இருப்பவர்களும் சொல்லுங்கள். காசு பெரிதாக வராத வேலைதான், ஆனால் செய்தால் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று பார்க்கிறேன்.

---

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் பிளாஸ்டிக் சர்ஜரி ஆபரேஷன் தியேட்டரில் ரொம்ப காலம் வேலை பார்த்தவள். முதலில் அந்த அட்டைப் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

காரணம் சொல்கிறேன். இந்த நோட்டீஸைக் கையில் வாங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் எண்ணமே இருக்காது, அவர்கள் படத்தைப் பார்த்து 'ஐயோ' என்று சொல்லிவிட்டுக் கேன்டீன் மேஜையில் போட்டுவிட்டுப் போவார்கள். உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருக்கிற அந்தச் சிலர், ஏற்கெனவே இன்ஸ்டாகிராமில் நூறு 'முன்பு–பின்பு' படம் பார்த்து மனதைத் தயார்செய்து வைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கோணல் முகம் காட்டினால் "இது எங்கேயோ போலி டாக்டரிடம் நடந்தது, நமக்கு நடக்காது" என்றுதான் தோன்றும். அதைவிட மோசம், ஆபரேஷன் முடிந்து ஏதாவது கோளாறு வரும்போது, 'நான்தான் முட்டாள்தனம் பண்ணிவிட்டேன்' என்ற வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருப்பார்கள். நாங்கள் பார்த்த கஷ்டமான கேஸ்களில் பல, கோளாறு பெரிது என்பதால் அல்ல, தாமதமாக வந்ததால்தான் கஷ்டமானவை. அதனால் 'செய்யாதே' என்று சொல்லும் நோட்டீஸாக இல்லாமல், செய்யத்தான் போகிறேன் என்கிறவனுக்கும் உதவுகிற நோட்டீஸாக இருக்கவேண்டும்.

எதை வைப்பது என்று கேட்டீர்களே, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனித்தனிப் பட்டியல் போடாதீர்கள். பொதுவாக வருவது ஒரு கூட்டம்: ரத்தக்கசிவு, உள்ளே ரத்தம் அல்லது நீர் கட்டிக்கொள்வது, சீழ் பிடிப்பது, தழும்பு, மரத்துப்போவது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமையாமல் போவது, மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவது. நம் மாதிரி நிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படித் தடித்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். இது எல்லாருக்கும் புரியும், ஆனால் யாரும் எழுதமாட்டார்கள்.

உயிருக்கே ஆபத்தானவை வேறு கூட்டம், அரிது, ஆனால் தெரிந்திருக்கவேண்டும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. கொழுப்பு உறிஞ்சும்போது கொழுப்புத் துணுக்கு ரத்தக் குழாய்க்குள் நுழைவது, அல்லது உறிஞ்சும் குழல் வயிற்றுச் சுவரைத் தாண்டிக் குடலைக் குத்திவிடுவது. மரத்துப்போகும் மருந்து அளவு மீறுவது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் தரும் விஷயம், ஏனென்றால் "லோக்கல்தானே, அந்த இடம் மட்டும்தான் மரத்துப்போகும், பயமே இல்லை" என்று சொல்லித்தான் ஆளை உட்கார வைக்கிறார்கள். முடி நடுவது பல மணி நேர வேலை. இடையிடையே ஊசி போட்டுக்கொண்டே இருப்பார்கள், மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்று எடைக்கு ஏற்றபடி ஒருவர் கணக்கு வைக்கவில்லை என்றால் வலிப்பு வரலாம், இதயம் நின்றுபோகலாம். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன எம்பிபிஎஸ் கடைசி வருட மாணவர் ஒருவர் இறந்துபோனார், நினைவிருக்கும். அந்த இடத்துக்கு இருந்த உரிமம் சலூனுக்கானது என்று அப்போது செய்தி வந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கே அந்தக் கதி. 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயது சீரியல் நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தார். பெயர் போட வேண்டாம், அந்தக் குடும்பங்கள் பாவம்.

அதனால் நோட்டீஸின் நடுப்பக்கம் முழுவதையும் "யார் செய்கிறார், எங்கே செய்கிறார், மயக்க டாக்டர் கூடவே இருக்கிறாரா" என்ற கேள்விகளுக்குக் கொடுங்கள். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது, முடி நடும் பயிற்சியை வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து பார்த்ததோ யூடியூப்பில் பார்த்ததோ போதுமான பயிற்சி ஆகாது என்று. அப்படி எழுதவேண்டிய நிலைமை வந்ததே பெரிய கூத்து.

---

பெயர்_வேண்டாம் எழுதியது:

சிஸ்டர் சொன்ன 'வெட்கம்' நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு ஸ்கூல் காலத்திலிருந்தே மார்பு பெரிதாக இருக்கும், கிண்டல் தாங்காமல் வேலைக்குப் போனதும் இஎம்ஐ போட்டு ஆபரேஷன் செய்துகொண்டேன். வீட்டில் சொல்லவில்லை, ஆபீஸ் டூர் என்று சொல்லிவிட்டு ரூம் எடுத்துத் தங்கினேன். காலையில் ஆபரேஷன், சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். ராத்திரி ஒரு பக்கம் மட்டும் பந்து மாதிரி வீங்கி இறுகிப்போய்விட்டது, வலி உயிர் போகிறது. அவர்கள் கொடுத்த நம்பர் கவுன்சலிங் பெண்ணின் நம்பர், சுவிட்ச் ஆஃப். வீக்கம் இருக்கும் என்று சொன்னார்களே, இதுதானா அது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். கடைசியில் ஜிஎச் எமர்ஜென்சிக்குத்தான் போனேன், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று உடனே திறந்து எடுத்தார்கள். டூட்டி டாக்டர் ஒரு வார்த்தை தப்பாகக் கேட்கவில்லை.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. செய்துகொண்டதில் வருத்தமும் இல்லை, சட்டைக்குள் பனியன் இரண்டு போடாமல் வெளியே போகிறேன். அதையும் சொல்லவேண்டும் அல்லவா. ஆனால் நோட்டீஸில் மூன்று விஷயம் இருந்தால் எனக்கு அந்த ராத்திரி வந்திருக்காது. எந்த வீக்கம் சாதாரணம், எந்த வீக்கம் எமர்ஜென்சி. ராத்திரியில் எடுக்கக்கூடிய டாக்டர் நம்பர் வாங்காமல் ஒத்துக்கொள்ளாதே. வீட்டில் ஒருவரிடமாவது, இல்லை ஒரு நண்பனிடமாவது சொல்லிவிட்டுப் போ. இரண்டு பக்கமும் லேசாக, ஒரே அளவில் வீங்கினால் பரவாயில்லை, ஒரு பக்கம் மட்டும் சட்டென்று பெரிதானால் ஓடு. இந்த ஒரு வரியை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

---

கறார்_கந்தசாமி எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. சாப்பாட்டுக்கே வழியில்லாத நாட்டில் மூக்கு நீளம், உதடு தடிமன் எல்லாம் ஒரு பிரச்சினையா? பயமுறுத்தினால்தான் கேட்பார்கள். சிகரெட் பாக்கெட்டில் புற்றுநோய் படம் போடுகிறார்களே, அது மட்டும் சரியா? பணக்காரப் பொழுதுபோக்குக்கு இவ்வளவு மரியாதையான நோட்டீஸ் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

---

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

@கறார்_கந்தசாமி சார், சிகரெட்டை யாருக்கும் டாக்டர் சிகிச்சையாக எழுதிக் கொடுப்பதில்லை. இது சட்டப்படி நடக்கும் வைத்தியம், தீக்காயத்துக்கும் பிளவு உதட்டுக்கும் கை வைக்கும் அதே டாக்டர்கள்தான் இதையும் செய்கிறார்கள். பணக்காரப் பொழுதுபோக்கு என்பதும் சரியில்லை. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மார்பு சம்பந்தமான அழகு அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்ய ஒரு பிரிவு தொடங்கினார்கள். அப்போதும் உங்களை மாதிரிப் பலர் சண்டைக்கு வந்தார்கள். மார்பு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்து தோள்பட்டையிலும் முதுகிலும் வலியோடு வீட்டுவேலை செய்கிற பெண்ணிடம் போய் இது பொழுதுபோக்கு என்று சொல்லிப் பாருங்கள்.

நோட்டீஸ் படிக்கிற பிள்ளையைக் கேலி செய்கிற தொனி ஒரு வரியில் வந்தாலும் போச்சு, மீதியைப் படிக்காது.

---

எண்ணும்_எழுத்தும் எழுதியது:

புள்ளியியல் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் எண்கள் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என்எஸ்எஸ் சார் கொடுத்த மேட்டரில் கண்டிப்பாக "ஆபத்து இரண்டு மடங்கு" என்ற மாதிரி ஏதாவது இருக்கும்.

1995-ல் பிரிட்டனில் நடந்தது இது. ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தது. பேப்பர், டிவி எல்லாம் அதையே பேச, பெண்கள் கூட்டம் கூட்டமாக மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் 7000 பேரில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது 7000 பேரில் இருவருக்கு என்று ஆனது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 அதிகமாயின என்பது கணக்கு. கர்ப்பத்தாலும் ரத்தம் உறையும், அதுவும் அந்த மாத்திரையைவிட அதிகமாக. எச்சரிக்கையில் பொய் ஒன்றும் இல்லை, சொன்ன விதம்தான் கெடுத்தது.

ஆகவே மடங்கு, சதவீதம் இரண்டையும் விட்டுவிட்டு "1000 பேர் செய்துகொண்டால் இத்தனை பேருக்கு" என்று தலை எண்ணிச் சொல்லுங்கள். நோட்டீஸ் முழுக்க அடியில் இருக்கும் எண் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு வரியில் 40-ல் ஒருவர், அடுத்த வரியில் 300-ல் ஒருவர் என்று போட்டால் நிறையப் பேர் 300 பெரிய எண் என்பதால் அதைத்தான் பெரிய ஆபத்து என்று எடுத்துக்கொள்வார்கள், படித்தவர்களும் கூட. இடம் இருந்தால் புள்ளிப் படம் போடுங்கள், ஆயிரம் சின்னப் புள்ளி, அதில் சிலது மட்டும் நிறம் மாறி. வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். மருந்துச் சீட்டுகளுக்கு ஐரோப்பாவில் 'அரிது' என்றால் 10,000 பேரில் ஒருவரிலிருந்து பத்துப் பேர் வரை என்று வரையறை வைத்திருக்கிறார்கள், ஆனால் 'அரிது' என்று படிக்கிற ஆள் மனதில் அதைவிடப் பெரிய எண்தான் ஓடுகிறது.

எண் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பின்பக்கத்தைப் பெரிதாக்க வயிற்றுக் கொழுப்பை எடுத்து அங்கே செலுத்துகிறார்களே, அதில் 3000 பேரில் ஒருவர் இறக்கிறார் என்று 2018-ல் உலக பிளாஸ்டிக் சர்ஜரி சங்கங்களின் கூட்டுக் குழு எச்சரித்தது, அழகு சிகிச்சையிலேயே மிக மோசமான கணக்கு அது. காரணமும் சொன்னார்கள்: கொழுப்பைத் தசைக்குள் செலுத்தும்போது அங்குள்ள பெரிய ரத்தக்குழாய் கிழிந்து கொழுப்பு நுரையீரலுக்குப் போகிறது, அதனால் தோலுக்கடியில் மட்டும் செலுத்துங்கள் என்றார்கள். அந்த எண்ணை எடுத்து மூக்கு ஆபரேஷனுக்குப் பக்கத்தில் போட்டால் அது பொய். நம்பத் தகுந்த எண் கிடைக்காத ஆபரேஷனுக்கு எண்ணே போடாதீர்கள், "உங்கள் கையால் இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதில் எத்தனை பேருக்கு மறுபடி திறக்கவேண்டி வந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள்" என்று போடுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் போகவேண்டாம் என்று எழுதவே தேவையில்லை, பிள்ளைகளுக்கே புரியும்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

லோகோ பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் யோசனை, அந்த ஆஸ்பத்திரிக் காசு வேண்டவே வேண்டாம். நோட்டீஸ் முழுக்க 'தகுதியானவரிடம் போ' என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் நம்பர் இருந்தால் அதற்கு விளம்பரம் என்று பெயர். டாக்டர்கள் விளம்பரம் கொடுத்து நோயாளிகளைப் பிடிக்கக்கூடாது என்று 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளிலேயே இருக்கிறது. நடைமுறையில் பஸ் ஸ்டாண்ட் முழுக்க போர்டு தொங்குகிறது, அது வேறு கதை. கல்லூரி ஏன் அதற்குத் தோள் கொடுக்கவேண்டும்? செலவு பிரச்சினை என்றால் இரண்டு கலரில் அடியுங்கள்.

அடுத்து ஒப்புதல் படிவம். நோட்டீஸில் இதற்கு ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். ஆபரேஷன் நாள் காலையில், சாப்பிடாமல், கவுன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நீட்டுகிற தாளில்தான் நம் ஆட்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: என்ன செய்யப் போகிறார்கள், அதனால் என்ன நன்மை, கணிசமான ஆபத்து என்ன, வேறு வழி என்ன, செய்யாவிட்டால் என்ன என்று போதுமான தகவல் கொடுத்த பிறகு வாங்கினால்தான் அது ஒப்புதல், ஒன்றுக்கு வாங்கிய ஒப்புதலை வைத்து இன்னொன்றைச் செய்யக்கூடாது. எனவே படிவத்தை முன்கூட்டியே வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கவேண்டும், தமிழில் கேட்கவேண்டும், ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். பிரிட்டனில் அழகு அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொள்வதற்கு முன் இரண்டு வாரமாவது யோசிக்க நேரம் கொடுக்கச் சொல்கிறார்கள். இங்கே "இன்றைக்கே புக் பண்ணினால் தள்ளுபடி" என்கிறார்கள். தள்ளுபடிக்குத் தேதி வைக்கிற இடம் என்றால் எழுந்து வந்துவிடலாம், இதை நோட்டீஸிலேயே போடுங்கள்.

அப்புறம் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, உள்ளே ஏதாவது வைத்தால் அதன் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர், எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். ஸ்டிக்கர் ஏன் என்று கேட்பீர்கள். பிஐபி என்ற பிரெஞ்சுக் கம்பெனி மார்பகத்தில் வைக்கும் சிலிக்கான் பைகளில் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைக்கான ஜெல்லை நிரப்பி உலகம் முழுக்க விற்றது 2010-ல் வெளியே வந்தது. அதை நிறுவியவருக்கு 2013-ல் நான்கு வருடச் சிறை. அப்போது லட்சக்கணக்கான பெண்கள் 'என் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனிப் பை' என்று தேடவேண்டி வந்தது. 2019-ல் அலர்கான் கம்பெனியின் சொரசொரப்பு மேற்பரப்பு கொண்ட பைகளை ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்த் தொடர்பு காரணமாகத் திரும்பப் பெற்றபோதும் அதே தேடல்தான். எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் நம்பர் உள்ள அந்தச் சின்ன ஸ்டிக்கர் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

---

சிவகாசி_பிரஸ் எழுதியது:

பெரியவர்கள் மேட்டரைப் பற்றிப் பேசிவிட்டார்கள், நான் தாளைப் பற்றிப் பேசுகிறேன்.

மூன்று மடிப்புக்கு ஏ4-ஐ 99, 99, 99 மில்லிமீட்டர் என்று சமமாகப் பிரித்து அனுப்பாதீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். உள்ளே மடங்கிப் போகிற பகுதி இரண்டு மூன்று மில்லி குறைவாக இருக்கவேண்டும், 100, 100, 97 வையுங்கள், இல்லையென்றால் ஓரம் மடங்கிக் கசங்கும். பின்பக்கத்துக்கு அதே அளவு தலைகீழ் வரிசையில் வரும், மறந்துவிடாதீர்கள். சுற்றிலும் 3 மில்லி பிளீட், அதாவது வெட்டும் ஓரத்தைத் தாண்டிக் கலர் நீளவேண்டும். தாள் 130 ஜிஎஸ்எம் போதும், அதற்கு மேல் தடிமனாகப் போனால் மடிப்பில் மை வெடிக்கும். மேட் தாள் நல்லது, கிளாஸி தாள் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்துப் படிக்கவிடாது.

எழுத்து கருப்பில் மட்டும், அதாவது கே 100, மற்ற மூன்று கலரும் பூஜ்யம். நாலு கலரிலும் கருப்பு போட்டால் பிளேட் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் 'ண', 'ணை' சுழி எல்லாம் அடைத்துக்கொண்டு எழுத்து நிழலடிக்கும். அதே காரணத்துக்காகவே கருநீலப் பின்னணியில் சின்ன வெள்ளை எழுத்து வேண்டாம். ஆபத்து என்றதும் சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து என்று எல்லாரும் ஓடுகிறார்கள், பார்த்தால் பட்டாசுப் பெட்டி லேபிள் மாதிரி இருக்கிறது (அதுவும் நாங்கள்தான் அடிக்கிறோம், அதனால் சொல்ல உரிமை இருக்கிறது).

எழுத்து அளவு 11 பாயிண்டுக்குக் கீழே போகவேண்டாம். தமிழுக்கு மேலே கொம்பும் கீழே வாலும் உண்டு, அதனால் வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள், 11-க்கு 16 வைத்தால் கண்ணுக்குச் சுகம். 10 சென்டிமீட்டர் பத்தியில் இரண்டு ஓரமும் சமப்படுத்தினால் 'ஏற்பட்டுவிடக்கூடும்' மாதிரி நீளச் சொற்கள் வரும்போது வரிக்குள் பெரிய பெரிய ஓட்டை விழும், இடது ஓரம் மட்டும் நேராக விட்டுவிடுங்கள். இன்டிசைன் மென்பொருள் என்றால் அதில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி கம்போஸரைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். மேட்டர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள், எங்காவது ஒரு எழுத்து பல்லை இளித்துக்கொண்டிருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எழுத்துருக்கள் எல்லாமே இலவசம், ஒன்றை எடுத்துக் கடைசிவரை அதையே வையுங்கள்.

பிரித்தவுடன் கண்ணில் படுகிற முதல் பகுதி உள்ளே மடிந்திருக்கும் அந்த 97 மில்லிதான். சிஸ்டர் சொன்ன 'யார், எங்கே' கேள்விகளை அங்கே வைக்கலாம். எமர்ஜென்சி அறிகுறிகளைக் கடைசி வெளிப்பக்கத்தில் வையுங்கள், பிரிக்காமலே தெரியவேண்டும்.

---

தில்லைநகர்_டிடிபி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பிரின்ஸிபாலிடம் பேசிவிட்டேன், கோணல் முகம் போய்விட்டது. ஆஸ்பத்திரி லோகோவும் இல்லை, பழைய மாணவர் சங்கம் பாதிச் செலவு தருகிறதாம், இரண்டு கலர்தான். முன் அட்டையில் படமே இல்லாமல் பெரிய எழுத்தில் "ஆபரேஷன் செய்துகொள்ள யோசிக்கிறாயா? முதலில் இதைக் கேள்" என்று மட்டும் வைத்திருக்கிறேன்.

பின்பக்கத்துக்கு எழுதியதைக் கீழே போடுகிறேன், திருத்துங்கள்.

"வீட்டுக்கு வந்த பிறகு இவற்றில் ஒன்று நடந்தாலும் காலை வரை காத்திருக்காதே. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாக வீங்கி இறுகுகிறது. கட்டு நனைந்துகொண்டே இருக்கிறது. காய்ச்சல், சீழ், கெட்ட வாடை. தோல் வெளுக்கிறது அல்லது கறுக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரை அழை. அவர் எடுக்கவில்லை என்றால் பக்கத்து அரசு மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போ. 108. என்ன ஆபரேஷன், என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற தாளை எடுத்துப் போ. உன்னை யாரும் திட்டமாட்டார்கள்."

கடைசி வரி வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை. 'நீ' என்று ஒருமையில் பேசுவதும் சரிதானா?

---

பெயர்_வேண்டாம் எழுதியது:

கடைசி வரியை எடுத்தீர்கள் என்றால் நான் திருச்சிக்கே வந்து சண்டை போடுவேன். ஆனால் அதை "வெட்கப்படாமல் சொல்லுங்கள்" என்று மாற்றலாம். திட்டமாட்டார்கள் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது, எனக்கு அமைந்தது நல்ல டாக்டர். 'நீ' வேண்டாம் அண்ணா, 'நீங்கள்' போடுங்கள். காலேஜ் பசங்களை எல்லாரும் ஏற்கெனவே 'நீ' என்றுதான் விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

---

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது தம்பி. மூன்று திருத்தம்.

ஃபில்லர் போட்டுக்கொண்டவர்களுக்குத் தனியாக ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ஊசி போட்ட உடனேயோ சற்று நேரத்திலோ பார்வை மங்கினால், அல்லது அந்த இடம் வெள்ளையாகவோ வலை வலையாக நீலமாகவோ மாறிக் கடுமையாக வலித்தால், அந்த நிமிடமே சொல்லவேண்டும். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது என்று அர்த்தம், பார்வையே போகலாம். ஹையலுரானிக் அமில ஃபில்லர் என்றால் கரைக்கும் மருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம். ஆகவே 'கரைக்கும் மருந்து உங்களிடம் இப்போது கையில் இருக்கிறதா' என்பது ஊசிக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி. பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்ளாதே என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, முடி நட்டவர்கள் அனாவசியமாகப் பதறுகிற ஒன்று. நட்ட முடி சில வாரத்தில் கொட்டும், அது வழக்கம்தான், வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்க ஆரம்பித்து முழுப் பலன் தெரிய ஒரு வருடம் போல ஆகும். எல்லாவற்றையும் ஆபத்து என்று எழுதினால் உண்மையான ஆபத்தை நம்பமாட்டார்கள், எது ஆபத்து இல்லை என்பதும் நோட்டீஸில் இருக்கட்டும்.

மூன்றாவது, புகை. குறைந்தது நான்கு வாரம் முன்னால் நிறுத்தவேண்டும், பிறகும் சில வாரம் தொடக்கூடாது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து தையல் ஆறாது, ஓரம் கறுத்துப்போகும். டாக்டரிடம் 'பிடிப்பதில்லை சார்' என்று பொய் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

---

எண்ணும்_எழுத்தும் எழுதியது:

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. சாதாரண பிரின்ட் எடுத்து மடித்து, இந்த விஷயமே தெரியாத பத்துப் பேரிடம் கொடுங்கள். "பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் சூப்பர் என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி 11 மணிக்கு ஒரு கால் வீங்குகிறது, டாக்டர் போன் எடுக்கவில்லை, என்ன செய்வீர்கள், இதில் எங்கே போட்டிருக்கிறது காட்டுங்கள்" என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் தேடுகிறார்கள், சொந்த வார்த்தையில் சரியாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஐரோப்பாவில் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டை நோயாளிகளிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் தப்பு நோட்டீஸில்தான்.

டாக்டர் பதிவு எண்ணைச் சரிபார்க்கும் க்யூஆர் போடுவதாக இருந்தால் அதையும் அவர்களையே ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள்.

---

சிவகாசி_பிரஸ் எழுதியது:

க்யூஆர் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றி வெள்ளை இடம் விட்டு, கருப்பில் மட்டும். மடிப்புக் கோட்டின் மேல் வைத்துவிடாதீர்கள், ஒருத்தர் அப்படி வைத்து ஐயாயிரம் தாள் அடித்துக்கொண்டு போனார். பிடிஎஃப் அனுப்பும்போது எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள். மடித்த மாதிரித் தாள் (டம்மி) ஒன்றையும் கூரியரில் போட்டுவிடுங்கள், எந்தப் பக்கம் உள்ளே போகிறது என்று போனில் விளக்கினால் எங்கள் பையன்களுக்கு ஏறாது.